பரிபூரணம் மறுத்த செட்டுகள்

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் பரிபூரணம் ரேடியோ ரிப்பேர் கடை திறந்த புதிதில், உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"மெக்கானிக் எங்கம்மா?"

"நான்தான்" என்பாள்.

சிலர் சிரித்துக்கொண்டே ரேடியோவை மேஜையில் வைத்தார்கள். சிலர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்கள். போகிறவர்களை அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "கெட்டுப்போன ரேடியோ மறுபடி வரும்" என்று சொல்லிவிட்டு, ஈயம் பற்றவைக்கும் கம்பியைக் கையில் எடுத்துக்கொள்வாள். அநேகம் பேர் வரத்தான் செய்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வன்னியம்பட்டியில் பிறந்தவள் அவள். பத்தாவது முடித்ததும் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பகல் முழுக்க வெள்ளைத் துணியை மடிக்க வேண்டும், சுற்ற வேண்டும், உறையில் போட வேண்டும். கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி ஒருவர் சாயங்காலங்களில் ரேடியோ மெக்கானிக் வகுப்பு நடத்திவந்தார். ஒருநாள் வேலை விட்டதும் அங்கே போய் நின்றாள். பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று வாத்தியார் கேட்டார். "சம்பளத்தை வாங்கிக்கிட்டுச் சொல்லிக்குடுங்க சார். எதுக்குன்னு பொறவு சொல்லுதேன்" என்றாள். பின் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவள் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

எண்பத்திரண்டில் காசிராஜனுக்கு வாக்கப்பட்டாள். காசிராஜன் ராஜபாளையத்துக்காரன்தான். ஆனால் வேலை கடலில். கிழக்கே துறைமுகத்தில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் இழுவைப் படகில், டக் என்பார்கள், தளத்தில் நின்று வடம் போடுகிறவன். கடலில் வரும் பெரிய கப்பல் தானாகக் கரையோரம் வந்து நின்றுவிடாது. சின்னதாக, முரட்டு இன்ஜினோடு இருக்கும் டக்குகள்தான் அதை முன்னால் இழுத்தும் பக்கவாட்டில் தள்ளியும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். காசிராஜன் மாதத்துக்கு ஒரு தடவை கோயில்பட்டியில் பஸ் மாறி ஊருக்கு வருவான். வந்தால் முதல்நாள் முழுக்கத் தூங்குவான். இரண்டாம் நாள் கடலைப் பற்றிப் பேசுவான்.

"டக்கை ஓட்டுத மாஸ்டர் மேல கண்ணாடி ரூம்ல இருப்பாரு. பின்தளத்துல நாங்க நிக்கது அவருக்குத் தெரியாது. வடம் சிக்கிருச்சா, விட்டாச்சா எல்லாம் நாங்க வாக்கி டாக்கி செட்டுல சொல்லணும். அதைக் கேட்டுத்தான் அவரு இழுக்கணும்."

"செட்டு வேலை செய்யலைன்னா?"

"கத்துவோம்."

"கத்துனா கேக்குமா?"

"இன்ஜின் சத்தத்துல எங்கிட்டுக் கேக்கும்?" என்று சொல்லிவிட்டு அவன் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

எண்பத்தாறில் அது நடந்தது. காசிராஜனோடு தளத்தில் நின்ற ஆண்டிச்சாமியும் இதே ஊர்க்காரன். கப்பலில் இருந்து வந்த வடம், டக்கின் தளத்தில் இருந்த இரும்புக் கட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சிக்கிக்கொண்டது. ஆண்டிச்சாமி செட்டை எடுத்து, "மாஸ்டர், இழுக்காதீங்க, கை உள்ள போகுது" என்று சொல்லிவிட்டுத்தான் கையை விட்டான். அடுத்த மூச்சில் டக் இழுத்தது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

கம்பெனி விசாரித்தது. மாஸ்டர் பால்சாமி நல்ல மனுஷன். எனக்குச் செட்டில் ஒன்றுமே கேட்கவில்லை என்று உள்ளதைச் சொன்னார். கேட்கவில்லை என்றால் ஆண்டிச்சாமி பேசவில்லை என்று கம்பெனி முடிவு கட்டியது. செட்டில் சொல்லாமல் கையை விட்டது அவன் குற்றம் என்று ஊருக்கு அனுப்பிவிட்டது.

கட்டுப் போட்ட கையோடு ஆண்டிச்சாமி வீட்டுத் திண்ணையைத் தாண்டாமல் கிடந்தான். பார்க்கப் போன பரிபூரணத்திடம், "மதினி, நான் சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். ஒருத்தனும் நம்பமாட்டேங்கான்" என்று அழுதான். அவளுக்கு அவன் கைக் கட்டைப் பார்க்க முடியவில்லை. அவள் மடித்து அனுப்புகிற அதே துணி.

வீட்டுக்கு வந்து காசிராஜனைக் கேட்டாள். "அந்தச் செட்டு இப்ப எங்க இருக்கு?"

"பழசுன்னு கழிச்சுப் போட்டுட்டாங்க. நான்தான் பெறக்கிட்டு வந்தேன். பையில கெடக்கு."

அன்றைக்கே அதைக் கழற்றினாள். வாக்கி டாக்கியின் உள்ளே அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் பார்த்ததும் விளங்கிவிட்டது. பேசுவதற்கு அழுத்துகிற பட்டனுக்கு அடியில் உப்புக் காற்று புகுந்து, செம்புத் தகடு பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. அந்தச் செட்டில் அடுத்தவர் பேசுவது கேட்கும். இவர் பட்டனை அழுத்திப் பேசினால் வெளியே போகாது. கையில் வைத்திருப்பவனுக்கு அது தெரியவும் தெரியாது.

மறுநாள் காலையில் செட்டை எடுத்துக்கொண்டு ஆண்டிச்சாமி வீட்டுக்குப் போனாள். வாசலில் நாலு பேர் கூடியிருக்கும்போது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அண்ணன் பேசியிருக்காரு. செட்டுதான் பேசலை."

ஆண்டிச்சாமியின் வேலை அதனால் திரும்பி வரவில்லை. கம்பெனி ஏஜெண்ட் சம்பத்குமாரிடம் காசிராஜன் இதைச் சொன்னபோது, "உம் பொண்டாட்டி ரேடியோல பாட்டுக் கேக்கட்டும்பா" என்று சிரித்தான். ஆனால் பால்சாமி சிரிக்கவில்லை. மூன்று விரல் போனது தன்னால் என்று நினைத்துச் சோறு இறங்காமல் இருந்தவர் அவர். அடுத்த தடவை காசிராஜன் ஊருக்கு வந்தபோது, பையில் நான்கு செட்டுகளைப் போட்டு அனுப்பினார். "உன் வீட்டம்மா பாத்துச் சரின்னு சொன்னாத்தான் எந் தளத்துல செட்டு. இல்லைன்னா நான் வண்டியைக் கெளப்பல."

பரிபூரணம் பேண்டேஜ் கம்பெனியை விட்டுவிட்டுக் கடை போட்டது அதன் பிறகுதான். ஊர் ரேடியோக்கள் சோறு போட்டன. ஆனால் அவள் மனசு கடலில் இருந்து வந்த செட்டுகளில்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் பிரித்து, உப்பைக் கழுவி, காயவைத்து, தகடு மாற்றி, ஓரங்களில் ரப்பர் வைத்து மூடுவாள். சரியானதின் அடிப்பக்கம் சிவப்பு நகப்பாலிஷால் 'ப' என்று ஓர் எழுத்துப் போடுவாள். தேறாததில் எழுத்து இருக்காது. ஒரு வருஷத்துக்குள், டக் ஆட்கள் மட்டுமல்ல, கப்பல் வடத்தைக் கரையில் நின்று வாங்கிக் கட்டுகிற ஆட்களும் செட்டைக் கையில் வாங்கினால் முதலில் கவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு சட்டமும் போட்டு அனுப்பினாள். யார் எது சொன்னாலும், கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "வடம் விட்டாச்சு" என்றால் மேலே இருந்து "வடம் விட்டாச்சு" என்று வர வேண்டும். வரவில்லையா, சொன்னது போய்ச் சேரவில்லை, கையை விடாதே. மற்ற மாஸ்டர்கள் முதலில் முறைத்தார்கள். பால்சாமி தன் டக்கில் அதைக் கண்டிப்பாக்கினார். மற்றவர்கள் பார்த்துப் பழகிக்கொண்டார்கள்.

மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசிப் பார்த்தால் எந்தச் செட்டும் நன்றாகத்தான் பேசும். தூரத்தில் நின்று பேசினால்தான் அதன் தராதரம் தெரியும். அதனால் காசிராஜன் லீவில் வரும்போது அவனைக் கடை மாடியில் நிறுத்திவிட்டு, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அந்த ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று பேர் சொல்லும் பெருமாள் கோயில் குன்றில் ஏறுவாள். பெருமாளைச் சேவித்துவிட்டு, ஒதுக்குப்புறமான பாறை ஒன்றில் நின்று செட்டை எடுப்பாள். அப்படிப் பேச அவளுக்கு லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் துறைமுகத்துக்குத்தான். அது அவளுக்கும் தெரியும். டெல்லிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். பதில் வருகிறவரை செட்டுகளைப் பேசிப் பார்க்காமல் அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

தொண்ணூற்றொன்றில் கோடை முடிகிற நேரம், சம்பத்குமார் தானே காரில் வந்து இறங்கினான். டிரைவர் ஒரு சாக்கைத் தூக்கிவந்து மேஜையில் கொட்டினான். அத்தனையும் செட்டுகள். பாதிக்கு மேல் அவளே முன்பு பார்த்துத் தேறாது என்று திருப்பி அனுப்பியவை.

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன் வருதும்மா. எல்லாத்துலயும் உன் எழுத்து இருக்கணும். பயலுக அது இல்லாம செட்டைத் தொடமாட்டேங்கானுக."

"பாத்து வைக்கேன் சார். சரியா இருக்கதுக்குப் போட்டுத் தாரேன்."

"பாக்க நேரமில்ல. போட்டுக் குடு. செத்த நேரம் இருந்து வாங்கிட்டுப் போயிருதேன்."

பரிபூரணம் ஒரு செட்டை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே ஏதோ உடைந்து கிடந்து சத்தம் கொடுத்தது.

"இதுல எழுத்துப் போட்டா, இதை நம்பி ஒருத்தன் கையை விடுவான் சார்."

"புது செட்டு வந்துக்கிட்டு இருக்கு. ரெண்டு மாசத்துக்குத்தான்."

"ரெண்டு மாசத்துக்கு விரலைக் கழட்டி வைக்க முடியுமா?"

சம்பத்குமாரின் முகம் மாறியது. குரலை மட்டும் ஏற்றவில்லை. "உம் புருஷன் யார்கிட்ட வேலை பாக்கான்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் போடமாட்டேங்கேன். அந்தச் செட்டு அவிய கைக்கும் போகும்."

சாக்கை அவனே அள்ளிப் போட்டுக்கொண்டான். அவள் பார்த்துவைத்திருந்த நல்ல செட்டுகள் ஆறு உள் அலமாரியில் இருந்தன. அவற்றை அவன் கேட்கவில்லை. அவளும் நினைவுபடுத்தவில்லை.

மூன்றாம் நாள் காசிராஜன் பெட்டி படுக்கையோடு வந்து நின்றான். டக்கில் இருந்து இறக்கிவிட்டார்கள்.

"ஏட்டி, ஒரு எழுத்து! ஒரு எழுத்தைப் போட்டுக் குடுத்தா ஒனக்கு என்ன கொறைஞ்சிரும்?" என்று கத்தினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆண்டிச்சாமி அண்ணன் கையைப் போய்ப் பாத்துட்டு வந்து கேளுங்க."

"அவன் கதையை விடு. நாளைக்கு அடுப்பு எதுல எரியும்?"

"நான் எரிக்கேன். எங்கைல தொழில் இருக்கு."

அந்தச் சொல் அவனைச் சுட்டுவிட்டது. சாப்பிடாமல் எழுந்து போனான். அவள் தடுக்கவில்லை. தட்டை மூடிவைத்துவிட்டுக் கடைக்குப் போனவள், அன்றைக்குக் கையில் எடுத்த எதையும் ஒழுங்காகப் பற்றவைக்கவில்லை. ஈயம் சொட்டி விரலைச் சுட்டது. அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அந்த எழுத்தைப் போடுவதாக ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த வருஷம் நாட்டையே உலுக்கிய ஒரு குண்டுவெடிப்புக்குப் பிறகு, வாக்கி டாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே போலீஸ் எழுந்து நிற்கும் காலம். ராஜபாளையத்தில் ஒரு பெண் வயர்லெஸ் செட்டுகளைப் பதுக்கி வைத்திருக்கிறாள், மலைமேல் ஏறி யாரிடமோ பேசுகிறாள் என்று யாரோ போனில் சொல்லிவிட்டார்கள். சண்டை நடந்த மறுநாள் காலையில் கடை திறந்ததும் ஜீப் வந்தது. அலமாரியில் இருந்த ஆறு செட்டுகளையும் எடுத்தார்கள். அவளையும் ஏறச் சொன்னார்கள். தெருவே நின்று பார்த்தது. அவள் கடையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தலை நிமிர்ந்தபடி ஏறி உட்கார்ந்தாள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"மலைமேல நின்னு யார்கிட்டம்மா பேசுனே?"

"எம் புருஷன்கிட்ட சார்."

"என்ன பேசுனே?"

"வடம் விட்டாச்சுன்னு."

"எந்த வடம்?"

"வடம் ஒண்ணும் இல்ல சார். சும்மா சொல்லிப் பாக்கது."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"வடம் விட்டாச்சுன்னாரு."

சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். சங்கேத வார்த்தையாக இருக்குமோ என்ற சந்தேகம் இருவர் முகத்திலும் தெரிந்தது. பரிபூரணம் முதலில் இருந்து சொன்னாள். டக் என்றால் என்ன, வடம் என்றால் என்ன, திருப்பிச் சொல்வது எதற்கு, எல்லாம். மத்தியானம்வரை சொன்னாள். லைசென்ஸ் இல்லாமல் பேசிப் பார்த்தது தப்புதான் என்பதையும் ஒளிக்கவில்லை. துறைமுகத்துக்குப் போன் போட்டு விசாரிக்கச் சொன்னாள். அவர்களும் போட்டார்கள். லைன் கிடைக்கவில்லை.

"இந்தா பாரும்மா. நாலு பேரு வாய்க்கு வந்ததைப் பேசுவான். இனிமே இந்தத் தொழில் செய்யமாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. செட்டை மட்டும் வச்சுக்கிடுதோம்."

"எழுத மாட்டேன் சார்."

"உன் நல்லதுக்குச் சொல்லுதேன்."

"லைசென்ஸ் இல்லாம மலையில பேசுனதுக்குக் கேஸ் போடுங்க, அபராதம் கட்டுதேன். தொழிலை விடுதேன்னு எழுத மாட்டேன். நான் திருடுனேனா, ஆளைக் கொன்னேனா? ஆளு சாகாம இருக்கத்தான் சார் இந்தத் தொழில்."

சாயங்காலம் ஆகும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் கோபித்துக்கொண்டு போன காசிராஜன் வரவில்லை. சம்பத்குமார் காலில் விழப் போயிருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வாசலில் சத்தம் கேட்டுத் திரும்பினால் ஆண்டிச்சாமி. இப்போது மில்லில் வாட்ச்மேனாக இருந்தவன், அந்த உடுப்போடு அப்படியே ஓடிவந்திருந்தான். உள்ளே நுழைந்தவன் வலது கையைச் சப்-இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் விரித்து வைத்தான். மிச்சம் இருந்தது இரண்டு விரல்கள்.

"அய்யா, நான் பேசுனதை நம்புன ஒரே ஆளு இவிகதான். எந்தச் சாமி மேல வேணும்னாலும் சத்தியம் பண்ணுதேன். இவிகளை விட்டுருங்க."

சப்-இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஏட்டை அனுப்பி மறுபடி போன் போடச் சொன்னார். இந்தத் தடவை லைன் கிடைத்தது. துறைமுகத்து வயர்லெஸ் ஆபீசர் பேசினார். செட்டுகளின் நம்பர்கள் துறைமுக லைசென்ஸில் இருப்பவைதான் என்றார். அதோடு இன்னொரு சேதியும் சொன்னார். காலையில் இருந்து துறைமுகத்துக்கு வெளியே கப்பல் ஒன்று காத்துக் கிடக்கிறது, டக்குகள் கிளம்பவில்லை, அந்த அம்மா எழுத்துப் போட்ட செட்டு வராமல் வடத்தைத் தொடமாட்டோம் என்று ஆட்கள் தளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று.

ஊரை விட்டுப் போன காசிராஜன் சம்பத்குமாரைத் தேடிப் போகவில்லை. நேராக டக்குகள் கட்டிக் கிடக்கும் ஜெட்டிக்குப் போயிருக்கிறான். சம்பத்குமார் அங்கே கொண்டுபோய் இறக்கியிருந்த சாக்குச் செட்டுகளை ஆட்களுக்கு நடுவில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கிக் காட்டியிருக்கிறான். "எம் பொண்டாட்டி இதுக்கு எழுத்துப் போடமாட்டேன்னா. அதுக்குத்தான் என்னை எறக்கி விட்டாங்க. போடுடீன்னு அவகிட்ட நான் சண்டை போட்டேன். எனக்குப் புத்தி இல்ல" என்று சொல்லியிருக்கிறான். முதலில் உட்கார்ந்தது பால்சாமி. மாஸ்டரே உட்கார்ந்த பிறகு யார் கிளப்புவார்கள்?

அன்றே பரிபூரணத்தை அனுப்பிவிட்டார்கள். போலீஸ் எடுத்த ஆறு செட்டுகளும் திரும்பி வர இன்னும் சில வாரங்கள் ஆயின. கம்பெனி வேறு வழியில்லாமல் அவசரமாகப் புதுச் செட்டுகள் வாங்கியது. அதையும் ஆட்கள் விடவில்லை. அந்த அம்மா பார்க்கட்டும் என்றார்கள். சம்பத்குமாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். காசிராஜனை அந்தக் கம்பெனி திரும்ப எடுக்கவில்லை. ஒரு வருஷம் வீட்டில் இருந்தான். கடையில் உட்கார்ந்து செட்டுக்கு ரப்பர் வெட்டிக் கொடுத்தான். பிறகு வேறொரு கம்பெனி டக்கில் சேர்ந்தான். பால்சாமிக்கும் பதவி உயர்வு எட்டாமல் போயிற்று. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

போலீஸ் ஜீப் வந்த கடை என்று பேராகிவிட்டதால், ராஜபாளையத்துக் கட்டிடத்துச் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார். இரண்டு மூன்று இடம் கேட்டாள். எல்லாரும் நாளைக்குச் சொல்கிறேன் என்றார்கள். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்புஜவல்லி என்ற அம்மாள், மாட வீதிப் பக்கம் தன் வீட்டின் முன்அறையைத் தருவதாகச் சொன்னார்.

"உன்னைப் பத்திக் கேள்விப்பட்டேம்மா. வேண்டாம்னு சொல்லச் சொல்லி ரெண்டு பேர் வந்து சொல்லிட்டுப் போயாச்சு. அதுக்காகவே தரேன்" என்றார் அம்புஜவல்லி. "ஒண்ணே ஒண்ணு. பெருமாள் புறப்பாடு வர்ற நேரம் அந்தக் கொர்ருங்கற சத்தம் வேண்டாம்."

"வைக்கமாட்டேம்மா."

பழைய கடையில் 'ரேடியோ ரிப்பேர்' என்று மட்டும்தான் போர்டு இருந்தது. புதுக் கடைக்குப் போர்டு எழுதும்போது, பெயின்டரிடம் 'வாக்கி டாக்கி' என்பதை மேலே, எல்லாவற்றையும் விடப் பெரிதாக எழுதச் சொன்னாள். வேண்டாம், வீண் வம்பு என்று காசிராஜன் சொல்லிப் பார்த்தான். "லைசென்ஸ் வந்த பொறவு எழுதிக்கிடலாமே" என்றான். "வரும்போது போர்டு ரெடியா இருக்கட்டும்" என்றாள். அதைப் படித்துவிட்டு இரண்டு தடவை போலீஸ்காரர்கள் விசாரிக்க வந்தார்கள். இரண்டு தடவையும் மோர் கொடுத்து, கதையை முதலில் இருந்து சொல்லி அனுப்பினாள். தொண்ணூற்றுநான்கில் லைசென்ஸ் வந்தது.

தொண்ணூற்றேழில் ஒருநாள் துறைமுகத்துக்கே கூப்பிட்டார்கள். டக்குகளில் புதிதாக மாட்டிய பெரிய செட்டுகளைப் பார்க்க வேண்டும். அதுவரை பரிபூரணம் ஒரு கப்பலைக் கரை சேர்த்துக் கட்டுவதைக் கண்ணால் கண்டதில்லை. வேலை முடிந்ததும், காசிராஜன் இருந்த டக் கிளம்பும் நேரம் பார்த்து, "நானும் வாரேன்" என்றாள். புது மாஸ்டர் தலையை ஆட்டினார். பொம்பளைகளைத் தளத்தில் ஏற்றுகிற வழக்கம் இல்லை என்றார்.

"கடல்ல செட்டு பேசுதான்னு கடல்ல நின்னுதான் பாக்கணும். ஏத்தலைன்னா நான் சரின்னு சொல்லாமப் போயிருவேன். பொறவு நீங்களும் இந்தக் கரையிலதான் நிப்பீங்க."

ஏற்றிக்கொண்டார்கள். கப்பலின் பக்கத்தில் போனதும், மாடி மாடியாக எழுந்து நின்ற அந்த இரும்புச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். டக் முட்டுக்கொடுத்துத் தள்ளியபோது தளம் முழுக்க அதிர்ந்தது. கரையில் இருந்து ஒரு குரல், கப்பலில் இருந்து ஒரு குரல், தளத்தில் இருந்து காசிராஜனின் குரல், எல்லாம் செட்டில் பிசிறில்லாமல் வந்து போயின. எல்லாவற்றையும் கேட்டபடி நின்றவள், திடீரென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் குனிந்து வாந்தி எடுத்தாள். ஆட்கள் சிரித்தார்கள். காசிராஜன் தண்ணீர் கொண்டுவந்தான்.

"கரைக்கு விடச் சொல்லட்டா?"

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"அடுத்த கப்பல் எப்ப வருதுன்னு கேளுங்க. அதுக்கும் வாரேன்."